கடைசி டேக்

படாரென்று கதவைத் திறந்துகொண்டு, பிணமாக நடித்தவன் எடிட்டிங் அறைக்குள் வந்தான். யாரும் அவனை 'வா' என்று சொல்லவில்லை. ஐந்து மணிக்குள் கல்லூரியில் படத்தை ஒப்படைக்காவிட்டால் மொத்தக் குழுவும் பெயில்.

எடிட்டர் கடைசி டேக்கை ஓட்டினாள்.

"நான் கட் சொல்றவரைக்கும் செத்தவன் செத்தவன்தான். அசைஞ்சே, தொலைச்சிடுவேன்!" என்று திரையில் டைரக்டர் மிரட்டினான்.

கொலைக் காட்சி முடியும் முன்பே, திரையில் டைரக்டருக்கும் கேமராமேனுக்கும் அடிதடி. இருவரும் முறைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

"அதை அணைக்கக்கூடத் துப்பில்ல!" என்று இப்போது அறையில் இருந்த டைரக்டர் சீறினான்.

"எல்லாம் உன் வாயாலதான்டா!" என்றான் கேமராமேன்.

திரையில் நாற்பது நிமிடம் பிணத்தின் மார்பு அசையவே இல்லை.

"மூச்சு விடாம எப்படிடா கிடந்தே?" என்று எடிட்டர் திரும்பாமலே கேட்டாள்.

அவன் அவள் காதருகே குனிந்தான். மூச்சுக்காற்று படவில்லை.

"நீங்க யாரும் இன்னும் கட் சொல்லலையே!"