சீதனம் கேட்காத சம்பந்தம்

"மாப்பிள்ளையோட நான் தனியக் கதைக்கணும்."

கேட்கவே கூடாது என்று அம்மா படித்துப் படித்துச் சொன்னதைத்தான் விதுர்ஷா சபையில் கேட்டாள்.

மாப்பிள்ளையின் தகப்பன், கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர், சிரித்தார். ஆணும் ஆணும் கலியாணம் கட்டச் சட்டம் வந்தால் ஊர் அழிந்துபோகும் என்று கோயில் ஒலிபெருக்கியில் முழங்குகிறவர். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணமே நடக்காத ஊரில், சீதன வீடே வேண்டாம் என்ற பெரிய மனசுக்காரர்.

"கம்பஸ் படிச்ச புள்ள, கதைக்கட்டும்."

கிணற்றடியில் மாப்பிள்ளை டிலக்சன் தலை குனிந்துகொண்டான்.

"எனக்குப் பொம்புளையளில விருப்பமில்ல. நான் விரும்புறது ஒரு பொடியன. அப்பாக்குத் தெரியும். கட்டி வச்சா மாறிருவனாம்."

அவள் குசினிக்குள் போய் அம்மாவிடம் சொன்னாள். அம்மா தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"வண்ணக்கர் முதலே சொன்னவர்தான், மகள். இந்த வீடு அக்காக்குப் போயிட்டு. ஒனக்கு ஒண்டு கட்ட நம்மட்ட என்ன கிடக்கு?"

விதுர்ஷா அறைக்குப் போய்த் தன் உடுப்புகளைப் பையில் அடைத்தாள். பையைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு வந்தாள்.

"என்ன மருமகள், மகனப் புடிச்சிருக்கா?" என்றார் வண்ணக்கர்.

"அவர் நல்லவர், உள்ளதைச் சொன்னார். ஒங்களத்தான் புடிக்கல்ல."

செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.