கடைசிப் பியூஸ்

"தனியவோ போறீர்?"

"ஓம் ஐயா. தனியத்தான்."

"தனி ஆளுக்கு இவ்வளவு பெரிய வானோ? கட்டில், குசினி, பிறிட்ஜ்... எங்கடை வீட்டிலை இல்லாத சாமானெல்லாம் கிடக்கு."

பிறேம் சிரிக்க முயன்றான். சுன்னாகத்திலிருந்து பிரிந்து வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே போகும் ஒழுங்கையில், வான் அசையாமல் நின்றது. மாதக்கணக்காக இராப்பகலாய் உழைத்து அதை ஒரு வீடாக மாற்றியிருந்தான். இன்றுதான் முதல் பயணம். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றொரு சத்தம் மட்டும் வந்தது.

அவன் சொன்னது பொய். பின்னறையில், இழுத்துச் சாத்திய கதவுக்கு அப்பால், வினோஜா மூச்சுக் காட்டாமல் படுத்திருந்தாள். நாளைக் காலை கண்டியில் அவர்களுக்குப் பதிவுத் திருமணம். இன்று அகப்பட்டால், அடுத்த கிழமை சுவிஸ் மாப்பிள்ளையுடன் அவளுக்குக் கலியாணம்.

அவளுடைய அப்பாவைப் பிறேம் கண்டதில்லை. பருத்தித்துறைக் கிறிஸ்தவனான அவனுக்கு, 'வேதக்காரப் பொடியன்' என்று அவர் ஆள்விட்டுச் சொன்ன ஒரு வசனம்தான் தெரியும். 'என்ரை படலைக்குள்ளை கால் வைச்சால், காலோடை திரும்பமாட்டான்.'

உழவு இயந்திரத்தில் வந்த இந்த மனிதரோ, பிறேம் கை காட்டி மறிக்காமலே நிறுத்தினார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கருவிப் பெட்டியோடு இறங்கினார்.

"ஆர் இதுக்கு வயர் அடிச்சது?"

"நான்தான் ஐயா. யூடியூப் பாத்து."

"விளங்குது."

அவர் பற்றரியின் ஒரு வயரைக் கழற்றி, இடையில் ஒரு சின்னப் பல்பைக் கொழுவினார். "உள்ளை எல்லாத்தையும் நிப்பாட்டிப் போட்டீரோ?"

"ஓம்."

"அப்ப இது பத்தக் கூடாது."

பல்ப் பளிச்சென்று எரிந்தது.

"பல்ப் பொய் சொல்லாது தம்பி," என்றார் அவர்.

பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினார். பிறிட்ஜ். பல்பின் வெளிச்சம் குறைந்தது. தண்ணிப் பம்ப். இன்னும் குறைந்தது. லைற்றுகள். பல்புக்குள் சிவப்பு நூல் போல ஏதோ மிஞ்சி நின்றதே தவிர, அது அணையவில்லை.

பிறேமின் சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. இந்த நேரத்தில் செய்தி அனுப்பக்கூடியவள் ஒருத்திதான். எடுத்தால் இவர் கண்ணில் படும். பார்க்காமலே அமத்தினான். உடனே மறுபடியும் அதிர்ந்தது. அதையும் அமத்தினான்.

ஒழுங்கை முடக்கில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்தது. பிறேம் திடுக்கிட்டுத் திரும்பினான். மீன்பெட்டி கட்டிய ஒருவர் அவர்களைக் கடந்து போனார்.

"ஆரையும் எதிர்பாக்கிறீரோ?"

"இல்லை ஐயா."

"வேர்த்துத் தொப்பலா நனைஞ்சு போனீர்." அவர் மீண்டும் பல்பைப் பார்த்தார். "இன்னும் ஏதோ ஓடுது. இந்தக் கடைசிப் பியூஸ் எதுக்கு?"

"பின்னறை ஃபானுக்கு."

"அங்கை ஆருக்கு ஃபான்?"

பிறேமின் கண்ணெதிரே தோட்டம் கிடந்தது. "வெங்காயம் ஐயா. ரெண்டு மூட்டை. காத்துப் படாட்டி அழுகிப்போடும்."

அவர் பியூஸ்களிலிருந்து தலையை நிமிர்த்தி அவன் முகத்தைப் பார்த்தார்.

"வெங்காயம் செய்யிற நானே ஒருநாளும் ஃபான் போட்டதில்லை. குடுத்து வைச்ச வெங்காயம்."

அப்போது பின்னறைக் கட்டில் மெல்லக் கிரீச்சிட்டது. இருவருக்கும் கேட்டது. இருவரும் அசையவில்லை.

அந்த ஃபானை நிறுத்திவிட்டால் இந்த விசாரணை முடிந்துவிடும் என்று பிறேமுக்குத் தோன்றியது. கடைசிப் பியூஸைப் பிடுங்கக் கையை நீட்டினான். அவர் அவன் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். வலித்தது.

"விடும். இந்த வெயிலுக்கை உள்ளை அவிஞ்சு போகும்."

"அப்ப வான் ஸ்ராட் வராதே ஐயா?"

"அந்தச் சின்னக் காத்தாலை ஒண்டும் கெட்டுப்போகாது. மற்றதெல்லாம் சேர்ந்துதான் பற்றரியைக் குடிச்சது."

பல்பை எடுத்துவிட்டு வயரைப் பழையபடி பூட்டினார். உழவு இயந்திரத்தை வானோடு அணைத்து நிறுத்தி, அதன் பற்றரியிலிருந்து தடித்த வயர்கள் இரண்டை இழுத்துக் கொழுவினார். மீண்டும் ஏறி இருந்து அதன் இயந்திரத்தை உறும வைத்தார். "இப்ப அடியும்!"

பிறேம் சாவியைத் திருப்பினான். வான் ஒருமுறை இருமியது. இரண்டாம் முறை பிடித்துக்கொண்டது. இன்னும் ஒரு நிமிடம். இவர் வயரைக் கழற்றினால் போதும், காங்கேசன்துறை வீதியில் ஏறிவிடலாம்.

அவர் வயரைக் கழற்றினார். "இடையிலை எங்கையும் நிப்பாட்டாதையும். நிப்பாட்டினால் திரும்ப ஸ்ராட் வராது. ஆனையிறவு தாண்டுமட்டும் ஒரே ஓட்டமா ஓடும்."

"பெரிய உதவி ஐயா. உங்கடை பேரைக்கூட நான் கேக்கேல்லை."

அவர் வயர்களைச் சுருட்டித் தோளில் போட்டார். ஆனால் உழவு இயந்திரத்தில் ஏறாமல், வானின் பின்பக்கமாக நடந்தார். திரை இழுத்த கண்ணாடிக்கு முன்னால் நின்று, எண்ணெய் படிந்த கைகளைச் சாரத்தில் துடைத்தார். துடைத்த கைகளையே மறுபடியும் துடைத்தார்.

"இந்த யன்னலை ஒருக்காத் திறந்துவிடும் தம்பி, என்ரை பிள்ளையின்ரை முகத்தைப் பாத்திட்டுப் போறன்."