கோர்படி கேப்டன்கள்

படபடவென்று சரவெடி வெடித்தது. பின்னாலேயே டோல் மேளம் முழங்கியது. கேம்ப் பகுதி மைதானத்தின் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த விஸ்வேஸ்வரன் எழுந்து நின்று பலமாகக் கை தட்டினார். பார்த்தவர்கள் அவரைத்தான் ஜெயித்த அணியின் மேனேஜர் என்று நினைத்திருப்பார்கள்.

"போதுங்க, நிறுத்துங்க. தோத்தது நம்ம டீம்" என்றாள் மனைவி மல்லிகா.

"தெரியும். நாலு பேர் பாக்கறாங்கல்ல? கை தட்டித்தான் ஆகணும்" என்று பல்லைக் கடித்தார்.

மூன்றுக்கு ஒன்று. கால்பந்து இறுதி ஆட்டத்தில் ஆகுர்டி அணியை, கோர்படி அணி மறுபடியும் உரித்து எடுத்துவிட்டது. மைதானத்தின் நடுவே கோர்படிப் பையன்கள் தங்கள் மேனேஜர் அந்தோணியைத் தோளில் தூக்கி வைத்து ஆடினார்கள்.

அதைப் பார்க்கப் பார்க்க விஸ்வேஸ்வரனுக்கு வயிறு எரிந்தது. இருவரும் கோர்படி ரயில்வே காலனியில் ஒரே தெருவில் பந்து உதைத்து வளர்ந்தவர்கள். மேனேஜர் பதவி காலியானபோது கோர்படி கிளப் அந்தோணியைக் கூப்பிட்டது, இவரைக் கூப்பிடவில்லை. அன்றைக்குக் கோபித்துக்கொண்டு ஆகுர்டி அணிக்கு மேனேஜராகப் போனவர், அந்தோணியின் டீமை உடைத்தே தீருவது என்ற வைராக்கியத்தோடுதான் போனார்.

இருபது வருடமாக உடைத்துக்கொண்டும் இருக்கிறார். கோர்படியில் ஒருவன் பெரிய ஆட்டக்காரன் என்று பெயர் வாங்கினால் போதும், இவர் அவன் வீட்டு வாசலில் நிற்பார். கேப்டன் பதவி, ஃபேக்டரியில் வேலை, பிராக்டிஸுக்குக் கூட்டிப்போக வண்டி என்று ஆசை காட்டி இழுத்து வந்துவிடுவார். இப்படியே கோர்படியின் கேப்டன்கள் ஒருவர் பின் ஒருவராக ஆகுர்டிக்கு வந்தார்கள். போன வருடம் கோகுல்நாத்தும் வந்தான்.

ஒவ்வொரு முறையும், 'கோர்படி இதோடு காலி' என்று ஊரே பேசும். அந்தோணி எங்கிருந்தோ பேர் தெரியாத நாலு பையன்களைப் பிடித்து வருவார். ஒன்றிரண்டு வருடத்தில் புது டீம், புதுக் கோப்பை! 'அழியாத அணியைக் கட்டும் அந்தோணி' என்று பேப்பரில் பெரிதாகப் படம் வரும். அன்றைக்கு விஸ்வேஸ்வரன் வீட்டில் பேப்பர் பிரிக்கப்படாமலே பழைய கட்டுக்குப் போய்விடும்.

"அவன்கிட்ட அப்படி என்னதான் இருக்கு மல்லிகா? நான் இடிக்க இடிக்கக் கட்டிட்டே இருக்கானே!"

"எனக்கென்ன தெரியும்? நீங்க கூட்டிட்டு வர்ற ஆளுங்க முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தே நம்ம ஃபிரிட்ஜ்ல ஐஸ் தங்கறதில்ல. அங்க பாருங்க, கோகுல்நாத் இன்னைக்கும் நொண்டறான்."

"விளையாடினா அடிபடத்தான் செய்யும். நீ வேற, வெந்த புண்ணுல!"

அவரை அரித்துக்கொண்டிருந்தது கோப்பை மட்டுமில்லை, கோர்படியின் கோல்கீப்பர் இஸ்மாயிலும்தான். எல்லோரும் வலையில் விழுந்தார்கள், அவன் மட்டும் விழவில்லை. மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது. 'உசுரே போனாலும் அந்தோணி சாரை விட்டு வரமாட்டேன்ணே' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான்.

இன்றைக்கு ஆகுர்டி போட்ட ஒரே கோல்கூட அவன் கைக்கு அடியில் நழுவிப் போனதுதான். அப்படியும் ஆட்டம் முடிந்ததும் அந்தோணி அவனைத்தான் முதலில் கட்டிப்பிடித்தார். தனக்காக உயிரை விடுகிறேன் என்று சொல்ல ஆகுர்டியில் ஒருத்தன் உண்டா?

பையன்களின் தோளிலிருந்து இறங்கிய அந்தோணி, மாலையைக் கழற்றி யாரிடமோ கொடுத்துவிட்டு நேராக இவரை நோக்கி வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"வர்றாரு பாருங்க. சண்டை கிண்டை வேணாம்" என்று மல்லிகா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வரட்டும். நான் ஆளைத் தூக்கும்போதெல்லாம் ஒரு வார்த்தை கேட்டதில்ல, பெரிய மகான் மாதிரி. இன்னைக்காவது வாயைத் திறக்கட்டும்."

அந்தோணி அருகில் வந்து தயங்கி நின்றார்.

"விசு, கொஞ்சம் இப்படி வாடா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"இங்கேயே கேளு. மல்லிகா என்ன, வெளி ஆளா?"

"இல்லடா... நம்ம இஸ்மாயில் விஷயம்."

விஸ்வேஸ்வரனுக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. கடைசியில் கெஞ்ச வந்துவிட்டான்! இந்த ஒரு நாளுக்காகத்தானே இத்தனை வருடம்?

"ஆமா, கூப்பிட்டேன். இன்னும் கூப்பிடுவேன். என்ன பண்ணுவ நீ?" என்றார் நெஞ்சை நிமிர்த்தி.

"வரமாட்டேன்னுட்டானாமே?"

"அதைக் குத்திக்காட்டத்தான் வந்தியா?"

அந்தோணி திரும்பிப் பார்த்தார். தூரத்தில் இஸ்மாயில் டோல் தாளத்துக்குப் பையன்களோடு மூச்சு வாங்க ஆடிக்கொண்டிருந்தான். அவன் காதில் விழாது என்று உறுதியானதும், அந்தோணி விஸ்வேஸ்வரனின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். குரல் தழதழத்தது.

"கோப்பை வாங்கிக் கொடுத்தவனைப் பார்த்து, 'உனக்கு வயசாயிருச்சு, போதும்'னு சொல்ல எனக்கு என்னைக்குமே வாய் வந்ததில்லடா. மத்த எல்லாரையும் கரெக்டா வந்து கூட்டிட்டுப் போனியே, இவனையும் எப்படியாவது கூட்டிட்டுப் போயிடு விசு!"