திரைக்குப் பின்னால் நாலாம் நம்பர்

திரைக்குப் பின்னால் ஸ்டூல் "கிரீச்... கிரீச்..." என்று இரண்டு தடவை நகர்ந்தது. அவ்வளவுதான், நாலாம் நம்பர் யாரென்று கீபோர்டு மாஸ்டருக்குத் தெரிந்துபோயிற்று. ஒன்பது வருஷமாக வீட்டில் கேட்கிற சத்தமாயிற்றே, அவருடைய மகளேதான்.

அன்றைக்குக் கோடை முகாமின் கடைசி நாள். ஒரு மாதம் விடுதியில் தங்கி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு விரல் தேயத் தேயப் பழகிய பிள்ளைகளில் ஒரே ஒருவருக்குத்தான் மாலைக் கச்சேரியில் தனி வாசிப்பு. கேட்க வருகிறவர் இசைக் கல்லூரி முதல்வர். அவருக்குப் பிடித்துவிட்டால் கல்லூரியில் இடம் கிடைத்த மாதிரிதான்.

போன இரண்டு வருஷமும் அந்த வாய்ப்பு மாஸ்டர் மகளுக்கே போயிற்று. நன்றாக வாசித்தாள், கொடுத்தார். ஆனால் பெற்றோர்கள் சும்மா இருப்பார்களா? வாட்ஸ்அப் குழுவில் மனுஷனைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார்கள்.

அதனால்தான் இந்த வருஷம் இந்தக் கறுப்புத் திரை. மாஸ்டரே ஏணி போட்டு ஏறிக் கட்டினார். யாருக்கு எந்த நம்பர் என்பது சீட்டுக் குலுக்கிய வார்டனம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். செருப்பை வெளியே விட்டுவிட வேண்டும், மூச்சு விடக் கூடாது, எல்லாருக்கும் ஒரே பாட்டு.

காலையில் காபி குடிக்கும்போது மகள் கேட்டாள். "ஏம்ப்பா, திரை போட்டுட்டா நான் யாருன்னு உங்களுக்கே தெரியாதா?"

"நீ வாசிக்கவே வேணாம்மா. உக்காரும்போது ஸ்டூல ரெண்டு தடவ பின்னாடி இழுப்பியே, அது ஒண்ணு போதும்" என்று சிரித்தார்.

"போங்கப்பா" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது நாலாம் நம்பர் வாசிக்க வாசிக்க மாஸ்டருக்கு உடம்பு சிலிர்த்தது. அடேயப்பா, எங்கே ஒளித்து வைத்திருந்தாள் இத்தனையையும்! எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் பின்வரிசையில் பெற்றோர்கள் அத்தனை பேரும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது வருஷமும் மகளுக்கே கொடுத்தால் இந்தத் திரையைக் கிழித்து அவர் தலையிலேயே போர்த்திவிடுவார்கள். மாஸ்டர் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு நூற்றுக்கு அறுபத்திரண்டு என்று எழுதினார். 'மன்னிச்சிக்கோம்மா, உங்கப்பன் மானம் இதுல இருக்கு.' கண் கலங்கிவிட்டது.

ஐந்தாம் நம்பர் பாதியிலேயே தடுமாறி நிறுத்திவிட்டது. கடைசியாக ஆறாம் நம்பர் பூனை மாதிரி வந்து உட்கார்ந்தது. ஸ்டூல் அசையவில்லை.

வாசிப்பு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கை தாராளமாகப் போகவில்லை. இடிபடுகிற இடத்தில் உட்கார்ந்து வாசிப்பது போல ஓர் இறுக்கம். மாஸ்டருக்குச் சட்டென்று பிடிபட்டது. வேறு யார், ஒட்டடைக்குச்சிதான்!

விடுதியே அப்படிக் கேலி செய்யும் நெட்டைப் பெண் அவள். ஒரு மாதமாக முழங்கால் மேசையில் இடிக்க இடிக்கக் குனிந்து வாசித்தாளே தவிர, ஸ்டூலைத் தள்ளிப் போடட்டுமா என்றுகூட வாய் திறந்து கேட்டதில்லை. இன்று காலைகூட, "உன் காலுக்குத் தக்கபடி உக்காந்து வாசிம்மா, யார் என்ன சொல்லப்போறாங்க?" என்று அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். எங்கே கேட்டாள்!

பாவம், அந்தப் பிள்ளைக்கே கிடைக்கட்டும். தொண்ணூறு போட்டார். மகளுக்குச் செய்த அநியாயத்துக்கு ஒரு வாயில்லாப் பிள்ளைக்குப் புண்ணியம் செய்தோம் என்று மனசு கொஞ்சம் லேசாயிற்று. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாததுதான் பாக்கி.

எழுந்து தொண்டையைச் செருமினார். "இந்த முகாமில் சொந்தம் பந்தம் எதுவும் கிடையாது. காதுக்கு மட்டும்தான் மரியாதை. தனி வாசிப்பு, ஆறாம் நம்பருக்கு!"

வார்டனம்மா திரையை இழுத்தார்.

ஆறு என்று எழுதிய சீட்டைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றாள் மாஸ்டரின் மகள்.

பின்வரிசையில் ஓர் அம்மாள் நிதானமாகச் சொன்னாள்: "நல்ல துணிதான். தெரிய வேண்டியவங்களுக்கு எல்லாம் தெரியுது."

கொல்லென்று சிரிப்பு எழுந்தது. மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. ஓரத்தில் ஒட்டடைக்குச்சி தன் சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். மடிப்பதற்குள் அதிலிருந்த நம்பரை அவர் பார்த்துவிட்டார்: நாலு.

மகள் ஓடி வந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே, அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"நீங்க கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு ஸ்டூலத் தொடவே இல்லப்பா... இந்த வருஷம்தான் நான் நெஜமா ஜெயிச்சிருக்கேன்!"