மீனின் பெயர்

அன்று பனி பெய்துகொண்டிருந்ததா, கூரையிலிருந்து காற்று உதிர்த்த பனிதானா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பெரிய ஏரியின் கரையிலுள்ள டுலூத் நகரில் மார்ச் மாத மாலை. சமையலறை ஜன்னலில் வெளிச்சம் வெளிறி நிற்கிறது. சிக்னி ரொட்டியை நறுக்குகிறாள். முனைவர் படிப்புக்கு அவள் விண்ணப்பித்த பல்கலைக்கழகங்களில் ஒன்றுதான் மிச்சம், மற்றவை கைவிரித்துவிட்டன. முடிவு தெரியும் தளத்தை அவள் ஓயாமல் திறந்து பார்ப்பதைச் சகிக்காமல், அறைத்தோழி லோர்னா போன வாரம் அதன் கடவுச்சொல்லை மாற்றித் தன்னிடமே வைத்துக்கொண்டாள். மேசைமேல் கைபேசி அதிர்கிறது. முடிவு வந்துவிட்டது, தளத்தில் பார்க்கவும் என்கிறது மின்னஞ்சல். “பாஸ்வேர்டு சொல்லுடி, சீக்கிரம்!” லோர்னா சூப்புக் கரண்டியோடு அசையாமல் நிற்கிறாள். “ஏதோ மீன் பேரு வச்சேன்… எந்த மீனுன்னுதான் வர மாட்டேங்குது.” “அடிப்பாவி! ஏரி முழுக்க மீனுடி!” “நீ கண்டுபிடிச்சிரக் கூடாதுன்னுதானே அப்படி வச்சேன். இரு, புதுசா மாத்திரலாம், ரெண்டு நிமிஷம்.” சிக்னிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. பல வாரங்களாக வராத சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு கைபேசியைக் கவிழ்த்து வைக்கிறாள். “இருக்கட்டும். சூப் ஆறிரும், சாப்பிட்டுப் பாக்கலாம்.” கிண்ணங்களிலிருந்து ஆவி எழுகிறது. தூரத்தில் ஏரிப் பனிக்கட்டி விரிசல் விடும் ஓசை. சிக்னி இரண்டாம் முறையும் ஊற்றிக்கொள்கிறாள்.

அந்தப் பல்கலைக்கழகமும் இல்லையென்றுதான் சொல்லியிருந்தது. மறு வருடம் சிக்னிக்கு வினிபெக்கில் இடம் கிடைத்தது. லோர்னா டுலூத்திலேயே பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள். அந்த மீனின் பெயர் அவளுக்கு இன்னும் நினைவுக்கு வரவில்லை.