எரியவேண்டிய இடங்கள்

என் மனைவி பவித்ரா இறந்ததிலிருந்து குழந்தை மாமியாரிடம் வளர்கிறாள். வளர்ப்பவரின் மூளைப்படத்தில் மனச்சோர்வு தெரிந்தால் குழந்தையை அரசு இல்லத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அவளை என்னிடம் தரச்சொல்லிக் கேட்பதற்காக இன்று நான் ஸ்கேனுக்குப் படுத்தேன்.

காதில் குழந்தையின் சிரிப்பை ஒலிக்கவிட்டார்கள். கேட்டது. அவ்வளவுதான்.

வெளியே காத்திருந்த மாமியார் படத்தை வாங்கிப் பார்த்தார். எரியவேண்டிய இடங்களெல்லாம் இருண்டிருந்தன.

"ஏனுங்க மாப்ளை, பாப்பா சிரிச்சுமா உள்ளுக்குள்ள கரண்டு வரல?"

"வரலீங்க அத்தை."

அவர் கைப்பையைத் திறந்து தன்னுடைய படத்தை எடுத்து நீட்டினார். அதுவும் இருட்டாகவே இருந்தது.

"நேத்து எடுத்தாங்க. நாளைக்குப் பாப்பாவைக் கூட்டிட்டுப் போக வர்றாங்களாம். நீங்களாச்சும் தேறியிருப்பீங்கன்னு நம்பித்தானுங்க வந்தேன்."