திருட்டுத் தீனி

"காசு 'தண்ணி'யாம், கள்ளத் தொடுப்பு 'திருட்டுத் தீனி'யாம்! இந்தக் காலத்துப் பயலுவ எல்லாத்துக்கும் சிரிப்பா ஒரு பேரு வெச்சிடறானுவ."

ஹாங்காங்கில், கௌலூன் வீட்டில் கிழவர் மோக், மருமகன் மேல் பாய்ந்தார்.

"எல்லை தாண்டி ஷென்சென்ல ஒருத்திக்கு மாசாமாசம் தண்ணி ஊத்துறியாமே? அவளை விடு. இல்ல, என் மகளை இங்கயே விட்டுட்டுப் போ!"

"உங்களுக்கும் ரெண்டு பேர்தானே மாமா?"

சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த கிழவரின் இரண்டு மனைவிகளும் கையை நிறுத்தினார்கள்.

"அது வேறடா! அப்ப சட்டமே ஒத்துக்கிச்சு. சின்னவ மண்டிபோட்டு டீ கொடுத்தா, பெரியவ வாங்கிக் குடிச்சு அவளை ஏத்துக்கிட்டா. சொந்தபந்தமே பாத்துச்சு."

"அவளும் வந்து டீ கொடுத்தா, நான் குடிச்சிடணுமாப்பா?" என்றாள் மகள்.

"குடிச்சிடாதேடி," என்றாள் பெரியவள் உள்ளேயிருந்து.

"பொம்பளைங்களுக்கு முறைன்னா என்னன்னு தெரியாது," என்று முனகிக்கொண்டே கிழவர் செருப்பை மாட்டி லிஃப்டை நோக்கி நடந்தார்.